தனிஸ்லாஸ் கலந்த சிவப்பு ஒயின்

“இந்த வருஷம் என் கலவையைப் போடுங்க. இல்லேன்னா நான் மூட்டையைக் கட்டுறேன்.”

தனிஸ்லாஸ் இப்படிச் சொல்லிவிட்டு ஒரு பச்சைப் பாட்டிலை மேசைமேல் வைத்தார்.

வயது ஐம்பத்திரண்டு. அவருடைய குரு செலஸ்தின் அம்மாவோ அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். அந்த வெயில் கடற்கரையில் சிவப்பு ஒயின் கலப்பதில் அந்தம்மாவை மிஞ்ச ஆள் கிடையாது. பார்த்துக்கொண்டிருந்த உத்தியோகத்தை விட்டுவிட்டு, மூன்று வருஷமாக மனுஷன் அவரிடம் தொட்டி கழுவிக்கொண்டிருக்கிறார்.

சண்டையெல்லாம் புளிப்புத் தொட்டியால்தான். செலஸ்தின் மூன்று வகைத் திராட்சைகளின் ஒயினைக் கலப்பார். ஒன்று இனிப்பு, ஒன்று நல்ல அடர் நிறம், மூன்றாவது கடல்காற்றில் காய்த்த படு புளிப்பு. அந்தக் கலவை மீன் விற்றுவிட்டு வருகிறவர்கள்கூட வாங்குகிற விலைதான்.

தனிஸ்லாஸுக்கு அந்த மூன்றாவதைக் கண்டாலே ஆகாது. அதை ஒதுக்கிவிட்டு மற்ற இரண்டை மட்டும் கலந்திருந்தார்.

செலஸ்தின் ஒரு வாய் எடுத்து, நாக்கில் உருட்டி, துப்பினார்.

“நல்லா இருக்கு அண்ணே.”

அவ்வளவுதான், தனிஸ்லாஸுக்குத் தலைகால் புரியவில்லை. அப்போ நம்ம கலவைதானே, நம்ம கலவைதானே என்று இரண்டு தரம் கேட்டுவிட்டார்.

செலஸ்தின் எழுந்தார். ருசி பார்ப்பவர்கள் துப்புகிற பித்தளைச் சட்டியைத் தூக்கி வெளியே வைத்தார். மூன்று வருஷத்தில் தனிஸ்லாஸ் அந்த அறையில் ஒரு சொட்டு விழுங்கியதில்லை. துப்பித் துப்பித்தான் பாடம்.

பிறகு சோறு வந்தது, நண்டுக் குழம்பு வந்தது, வறுத்த மீன் வந்தது. செலஸ்தின் புளிப்பும் கலந்த தன் ஒயினை ஒரு சின்னக் கூஜாவில் கொண்டுவந்து பாட்டிலுக்குப் பக்கத்தில் வைத்தார். தனக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டார்.

“சாப்பிட்டுக்கிட்டே சொல்லுங்க அண்ணே. புளிப்பு எதுக்கு வேணாம்?”

கேட்கவும் வேண்டுமா! தனிஸ்லாஸ் தன் பாட்டிலிலிருந்து ஒரு கிளாஸ் ஊற்றி, ரசித்துக் குடித்து முடித்துவிட்டுப் பேச ஆரம்பித்தார். மணத்தைப் பற்றிப் பேசினார், நிறத்தைப் பற்றிப் பேசினார், நண்டுக் காலைக் கடித்துக்கொண்டே புளிப்பைத் திட்டித் தீர்த்தார். குழம்பு சரியான காரம். நாக்கு எரிந்தபோதெல்லாம் கை போன பக்கம் எடுத்து ஊற்றிக்கொண்டார். பேச்சு மட்டும் நிற்கவில்லை.

செலஸ்தின் மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

“அந்தப் புளிப்பை ஒரு வாய்க்கு மேல எவன் குடிப்பான், நீங்களே சொல்லுங்க” என்று சவால் விட்டபடி தனிஸ்லாஸ் கூஜாவைக் கிளாஸில் சரித்தார்.

ஒரு சொட்டுதான் விழுந்தது.

கூஜாவுக்குள் எட்டிப் பார்த்தார். பிறகு பாட்டிலைப் பார்த்தார். முதல் கிளாஸுக்குப் பிறகு அது குறையவே இல்லை.

செலஸ்தின் இன்னொரு முள்ளை எடுத்து இலை ஓரத்தில் வைத்தார்.

தனிஸ்லாஸ் எச்சில் கையோடு எழுந்துவிட்டார். முகமெல்லாம் சிரிப்பு.

“அம்மா, புளிப்பு எவ்வளவு சேர்ப்பீங்க?”