அப்புறம்னு சொன்ன லாரிக்காரன்

காலை நீட்டிப் படு, அம்மிணி. பரிசல்ல போகணும்னு கேட்டே, உங்கப்பன் அப்புறம் போலாம்னுட்டான், அதுக்குத்தானே இந்த அழுகை? மூக்கைத் தொடை. கதை சொல்றேன். "ம்" மட்டும் கொட்டணும். "அப்புறம்?"னு இன்னைக்குக் கேக்கக் கூடாது. ஏன்னு கதையே சொல்லும்.

ஒரு ஊர்ல ஒரு லாரிக்காரன் இருந்தான். நாமக்கல்லுக்குப் பக்கத்துல. பேரு செங்கோடன். முட்டை கொண்டு போறதுதான் வேலை. அட்டை அட்டையா அடுக்கி, கயிறு போட்டு இறுக்கி, டுர்ர்ர்னு கெளம்பினான்னா ரெண்டு நாள்ல கோவா. முட்டையை எறக்கிட்டு, கோழித் தீவனத்துக்குக் கருவாடு ஏத்திக்கிட்டுத் திரும்புவான். போறப்ப ஒரு வாசமும் இருக்காது, வாறப்ப ஊரே மூக்கைப் பொத்தும். சிரிக்கிறியா? சிரி, சிரி.

அவன் பொண்டாட்டி பேரு பாவாயி. அவ கடலையே பாத்தது கெடையாது. நாமக்கல்லுல ஏது கடலு? ஒவ்வொரு நடை வாறப்பவும் இவன் கட்டில்ல மல்லாந்துக்கிட்டு, "அந்தப் பக்கத்துக் கரையே தெரியாது புள்ள, ஹோ... ஹோன்னு அடிக்கும் பாரு"ன்னு அளப்பான். அவ முறத்தை மடியில வெச்சுக்கிட்டு, பொடைக்க மறந்துட்டுக் கேப்பா. ஒரு நாளு வாய் விட்டே கேட்டுட்டா.

"ஏனுங்க, ஒரே ஒரு தடவை எனக்கும் காட்டுங்க. காலை மட்டும் நனைச்சுட்டு வந்தர்றேன்."

"அதுக்கென்ன, கெளம்பு"ன்னான். நல்லவன்தான், கெட்டவன்னு நெனைச்சுராதே. ஆனா அவங்கிட்ட ஒரு பழக்கம். அவிச்ச முட்டை குடுத்தா வெள்ளையை மொதல்ல தின்னுட்டு, மஞ்சக்கருவை எலை ஓரத்துல ஒதுக்கி வெச்சுக்குவான். நல்லதைக் கடைசியில திங்கணுமாம். அந்தப் பழக்கந்தான் வந்த வெனை. ம் சொல்லு.

அப்புறம், ரெண்டு பேரும் லாரியில போனாங்க, போனாங்க, மலையெல்லாம் எறங்கிப் போனாங்க. ஒரு பெரிய பாலம் வந்துச்சு. பாவாயி எட்டிப் பாத்தா. "இதுதானுங்களா கடலு?" "ஏ, இது ஆறு"ன்னு சிரிச்சான். அவளுக்கு வெக்கமாப் போச்சு.

காலையில சந்தையில முட்டையை எறக்கினாங்க. கருவாட்டு லோடு சாயங்காலந்தான். நாள் பூரா அவங்களோடது. அப்போ பாம்... பாம்... னு சத்தம். ஒருத்தன் சைக்கிள்ல கூடை நெறைய ரொட்டியை வெச்சுக்கிட்டு, ஹாரனை அமுக்கிக்கிட்டு வாறான். பாவாயி ஒண்ணு வாங்கினா. சூடான ரொட்டி, ஊதின பூரியாட்டம் இருந்துச்சு. "நம்மூர்ல காய்ச்சல் வந்தாத்தான் ரொட்டி, இங்க ஊருக்கே காய்ச்சலாட்டம் இருக்குது"ன்னா. செங்கோடன் விழுந்து விழுந்து சிரிச்சான். தின்னு முடிச்சதும் கையைத் தட்டிக்கிட்டு எந்திரிச்சா.

"கடலுக்குப் போலாமுங்களா?"

"கடலு எங்க ஓடிப் போவுது? அதைக் கடைசியில வெச்சுக்குவோம். மொதல்ல கோயில் பாரு. அப்புறம் போலாம்."

அது ஒண்ணு. வெரலை மடக்கிக்க.

அப்புறம் பஸ் ஏறி மாதா கோயிலுக்குப் போனாங்க. போர்ச்சுக்கல்காரங்க நானூத்திச் சொச்சம் வருசம் ஆண்ட ஊரு அது. வெள்ளை வெளேர்னு கோயிலு, மணி டாங்... டாங்... னு அடிக்குது. பாவாயி செருப்பை வாசல்ல விட்டுட்டு உள்ள போயி, கும்பிட்டுட்டு, துண்ணூறு குடுப்பாங்கன்னு கையை நீட்டிக்கிட்டே நின்னா. பாவம்! ஒருத்தரும் குடுக்கல. வெளிய வந்து செருப்பைப் போட்டுக்கிட்டுக் கேட்டா, "கடலுக்குப் போலாமுங்களா?"

"வயித்துக்குப் போட்டுட்டுப் போனாத்தான் நல்லா நிக்கலாம். அப்புறம் போலாம்."

ரெண்டு.

அப்புறம் லாரியை எடுத்தாந்து கருவாட்டு மூட்டை அடுக்கி வெச்சிருக்கற கிட்டங்கிக்கிட்ட நிறுத்தினான். பக்கத்துலயே ஒரு சாப்பாட்டுக் கடை. கவுன் போட்ட ஒரு கெழவி நடத்துறா. செவப்பா மீன் கொழம்பு, கொட்டை கொட்டையாச் சோறு, கடைசியில அடுக்கடுக்கா ஒரு இனிப்பு. ஏழு அடுக்கு! பாவாயி ஒவ்வொரு அடுக்கா உரிச்சு உரிச்சுத் தின்னா. கெழவி வேலைக்காரியை ஏதோ வெரட்டுறா, அதுல சாவிங்கறா, மேசுங்கறா, ஜனேல்ங்கறா. பாவாயிக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சு.

"ஏனுங்க, நம்ம பேச்சுப் பேசறாங்க! சாவி, மேசை, ஜன்னலுங்கறாங்க!"

"அதெல்லாம் போர்ச்சுக்கல்காரன் ரெண்டு ஊர்லயும் விட்டுட்டுப் போனது"ன்னான் இவன், எல்லாந் தெரிஞ்சவனாட்டம்.

அவ விடல. கையை அலையாட்டம் ஆட்டி, "இதுக்கு என்ன பேரு?"ன்னு கெழவியைக் கேட்டா. கெழவி ஜன்னல் வழியா தென்னந்தோப்பைக் காட்டி, "தொர்யா"ன்னா. தோப்புக்கு அந்தப் பக்கம் கடல். நாலு எட்டுத்தான், அம்மிணி. நாலே எட்டு. பாவாயி "தொர்யா, தொர்யா"ன்னு சொல்லிப் பாத்துக்கிட்டா.

அந்த ஊர்ல மத்தியானம் ஆனா எல்லாரும் படுத்துக்குவாங்க. டப், டப்னு கடையெல்லாம் சாத்தியாச்சு. செங்கோடனும் லாரிக்கடியில துண்டை விரிச்சான். "சித்த கண்ணசந்துக்கறேன் புள்ள." கொர்ர்ர்... எடுத்துட்டான். பாவாயி சக்கரத்துல சாஞ்சு உக்காந்திருந்தா. தோப்புக்கு அந்தப் பக்கம் ஹோ... ஹோ... னு கேட்டுக்கிட்டே இருக்குது. தனியாப் போயிருக்கலாமில்ல? போகல. அவரு காட்டோணும்னு ஆசையாக் கூட்டியாந்தாரு, தானாப் போயிப் பாத்துட்டா மனுசன் மொகம் வாடிப் போகும்னு நெனைச்சா. எழுப்பவும் மனசு வரல. ரெண்டு ராத்திரி முழிச்சு ஓட்டியாந்தவனாச்சே. ம்... கேக்கறியா? சரி.

அப்போ வானம் கருத்துருச்சு. கிட்டங்கிக்காரன் ஓடியாந்து லாரியைத் தட்டினான், டம் டம் டம்! மழை வருது, கருவாடு நனைஞ்சா அத்தனையும் போச்சு, இப்பவே ஏத்துன்னான். செங்கோடன் அலறியடிச்சு எந்திரிச்சான். தபதபன்னு மூட்டையை ஏத்தறாங்க. பாவாயி கிட்ட வந்தா.

"நாலு எட்டுத்தானுங்க. ஓடிப் போயி ஓடியாந்தர்றேன்."

"தார்ப்பாயைப் பிடி புள்ள! அடுத்த நடைக்கு வருவமில்ல? அப்புறம் பாத்துக்கலாம்."

மூணு. அவ தார்ப்பாயைப் பிடிச்சா. மழை சடசடன்னு கொட்டுச்சு, லாரி கெளம்பிருச்சு. பாலம் தாண்டறப்ப, "சத்தம் நல்லாக் கேட்டுச்சுங்க"ன்னா. அவ்வளவுதான் சொன்னா.

அப்புறம் அடுத்த நடைக்கு அவ முழுகாம இருந்தா. அதுக்கடுத்து கைக்கொழந்தை. அப்புறம் மாமியாளுக்கு இடுப்பு ஒடஞ்சு போச்சு, அப்புறம் ஆடு குட்டி போட்டுச்சு, அப்புறம், அப்புறம், அப்புறம். அவளும் கேக்கறதை விட்டுட்டா. செங்கோடன் மட்டும் மாசாமாசம் கடலைப் பாத்துட்டு வந்தான். முப்பது வருசம்!

ஒரு நா பாவாயி படுத்துட்டா. காலு ரெண்டும் வீங்கி, எட்டு வெக்க முடியல. டாக்டரு கையை விரிச்சுட்டாரு. செங்கோடன் லாரியை எடுத்தான், நேராக் கோவா. ஒரு முட்டை ஏத்தல. ஒரு கேன் நெறையக் கடல் தண்ணியை மொண்டுக்கிட்டு, வழியில சோறு தண்ணி இல்லாமத் திரும்பினான். மத்தியானம் ஊடு வந்து சேந்து, குண்டாவுல ஊத்தி, கட்டிலோரம் வெச்சு, அவ காலை மெல்ல எடுத்து உள்ள விட்டான்.

அவ குனிய முடியாம, அவனோட நனைஞ்ச வெரலைத் தொட்டு நாக்குல வெச்சுப் பாத்தா. "உப்புத்தானுங்க." சிரிச்சா. "சத்தம் எங்கீங்க?"

சத்தத்துக்கு அவன் எங்க போவான்? கீழ உக்காந்துக்கிட்டு, அவனே வாயால, "ஹோ... ஹோ..."ன்னான்.

"லாரியாட்டம் இருக்குதுங்க"ன்னா.

அவன் நிறுத்தல. ஹோ... ஹோ... கண்ணுல தண்ணி ஊத்துது, நிறுத்தல. அவ "தொர்யா"ன்னு சொல்லிட்டுக் கண்ணை மூடினா. அந்த வாரத்துலயே போயிட்டா.

அதுக்கு மேல செங்கோடன் முட்டை தின்னா மஞ்சக்கருவைத்தான் மொதல்ல திம்பான். தின்னுட்டு, வெள்ளையை என்ன பண்றதுன்னு தெரியாம எலையையே பாத்துக்கிட்டு உக்காந்திருப்பான்.

என்ன? "அப்புறம்?"ஆ? கேக்கக் கூடாதுன்னு சொன்னேனா இல்லையா! அப்புறமெல்லாம் இல்லடி கண்ணு. விடிஞ்சதும் உங்கப்பனை நானே எழுப்பறேன், பரிசல்ல ஏறிட்டுத்தான் பல்லே வெளக்கறோம். கதை கரையேறிருச்சு, நீ கண்ணை மூடு. ஹோ... ஹோ... ஹோ...