வலிக்காத இடம்

"இந்த மருந்துல சத்து இல்லீங்க, சிஸ்டர்."

நாச்சிமுத்து உட்காருவதற்கு முன்பே சொல்லிவிட்டார். வலது காலில் பெரிய கட்டு. கையில் மூன்று மாதத்து ரத்தப் பரிசோதனைச் சீட்டுகள்.

மலையடிவாரத்து அரசு மருத்துவமனையில் ஒன்பதாம் எண் அறை சர்க்கரைக்காரர்களுக்கு. அங்கே இருக்கும் சிஸ்டர் ஜெபக்கனி தெற்கே திருச்செந்தூர்ப் பக்கத்திலிருந்து மாற்றலாகி வந்தவர். நாற்பது வயது இருக்கும். பேச்சை மருந்து மாதிரி அளந்துதான் கொடுப்பார். ஊருக்கே அதில் கொஞ்சம் மனத்தாங்கல்.

சீட்டுகளை வாங்கி மேஜையில் வரிசையாக வைத்தார். முன்னூற்றுப் பத்து. முன்னூற்று நாற்பது. முன்னூற்று எண்பது.

"எத்தனை யூனிட் போடுதிய, அண்ணாச்சி?"

அண்ணாச்சி என்றால் அந்த ஊரில் மளிகைக்கடைக்காரர். நாச்சிமுத்துவுக்குத் திரும்பிப் பார்க்கத் தோன்றியது. அறுபத்தொரு வயது மனிதர், அடக்கிக்கொண்டார்.

"போன வருஷம் பதினாறுல ஆரம்பிச்சதுங்க. இருபதாச்சு, முப்பதாச்சு. இப்ப நாப்பது. டாக்டரம்மா மருந்தை ஏத்த ஏத்த, சர்க்கரையும் சலிக்காம கூடவே ஏறுது."

"கால்ல என்ன?"

அதைச் சொல்லத்தான் அவர் வந்திருந்தார். கட்டுப் போட்ட காலை முன்னால் நீட்டினார்.

கட்டைவிரலின் அடியில் புண். அறுவைசிகிச்சை டாக்டர் அன்று காலை பார்த்துவிட்டு நாள் குறித்துவிட்டார். மூன்று வாரம். அதற்குள் சர்க்கரை இறங்கிப் புண் ஆறத் தொடங்கினால் விரல் இருக்கும். இல்லையென்றால் எடுத்துவிடுவார்கள்.

"ஒரு விரல்தானே, போனாப் போகுதுங்கறார். என் பொழப்பே அந்த விரலுங்க."

நாச்சிமுத்து அலகு குத்துகிறவர். பங்குனி உத்திரத்துக்கு மலைக்குக் காவடி எடுப்பவர்கள், கன்னத்தில் வேல் குத்திக்கொள்ள அவரிடம்தான் வருவார்கள். முப்பத்தெட்டு வருஷத்தில் அவர் கை பட்ட கன்னத்தில் ரத்தம் ஒழுகியதாகப் பேச்சே கிடையாது. வலது கால் கட்டைவிரலை மண்ணில் ஊன்றி, மூச்சைப் பிடித்து, ஒரே தள்ளு. விரல் போனால் நிலை போகும். நிலை போனால் கை நடுங்கும். கை நடுங்குகிறவனிடம் யார் கன்னத்தைக் காட்டுவார்கள்?

"ஊசி நீங்களே போடுதியளா?"

அந்த நிலையிலும் அவர் முகம் மலர்ந்தது. "குத்தறதுக்கு எனக்கு இன்னொரு ஆளா வேணும்?"

"வலிக்கா?"

"மொதல்ல ரெண்டு மூணு மாசம் சுருக்குனு இருந்துச்சு. இப்பச் சுத்தமா வலியே இல்லீங்க. அருள் எறங்கிருச்சு."

சிஸ்டர் நிமிர்ந்து பார்த்தார்.

"கன்னத்துல வேல் போறப்ப வலிக்கலீன்னா, முருகன் ஏத்துக்கிட்டான்னு அர்த்தமுங்க. வயித்துலயும் ஏத்துக்கிட்டான்."

சிஸ்டர் கையை நீட்டினார். "ஊசியைக் காட்டுங்க."

மஞ்சள் துணிப்பையிலிருந்து இன்சுலின் பேனா வந்தது. அதன் உடம்பில் மூன்று கோடு திருநீறு. சிஸ்டர் மூடியைக் கழற்றினார். மூக்கருகே கொண்டுபோனார்.

"எலுமிச்சம்பழ வாசம் வருதே."

"குத்தறதுக்கு முன்னாடி பழத்துல ஒரு குத்து குத்தி எடுப்பனுங்க. அதான முறை."

வரிசையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். சிஸ்டர் சிரிக்கவில்லை. ஊசி முனையை வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார்.

"இந்த ஊசி எப்ப மாட்டினது?"

"தைக் கிருத்திகைக்குங்க."

அப்போது மாசி பாதி கடந்துவிட்டது.

"ஒரு நாள்கூட மாத்தலையா?"

"வேலைத் தூக்கி எறிவாங்களா, சிஸ்டர்? பால்ல கழுவிப் பூசை போட்டுப் பெட்டியில வெப்பாங்க. தாத்தன் குத்துன வேலைப் பேரன் குத்துவான்."

"நீளம்?"

"எட்டு எம்.எம்முங்க. மெடிக்கல்ல நாலு இருக்குது, ஆறு இருக்குதுன்னாங்க. இருக்கறதுலயே நீளமானதைக் குடுன்னு கேட்டு வாங்குனேன். நோவு பெருசு, வேல் மட்டும் சின்னதா இருந்தா நல்லாவா இருக்கும்?"

சொல்லி முடித்தபோது அவருக்கே ஒரு பெருமை.

சிஸ்டர் டிராயரிலிருந்து ஒரு புது ஊசியை எடுத்தார். நாலு எம்.எம். நெல்மணியில் பாதிகூட இல்லை. பழையதையும் கழற்றி, இரண்டையும் அவர் முன்னால் வைத்தார்.

"உங்க தொழில்ல முனை பாக்கது எப்படி?"

"நகத்துல இழுத்துப் பாப்பனுங்க. வழுக்கிட்டுப் போகோணும். நின்னா, முனை மடங்கிருச்சு."

"பாருங்க."

நாச்சிமுத்து புதியதைத் தன் கைக் கட்டைவிரல் நகத்தில் இழுத்தார். வழுக்கிக்கொண்டு போனது.

பழையதை இழுத்தார். நின்றது.

நம்பாமல் இன்னொரு முறை இழுத்தார். கீறிக்கொண்டு நின்றது.

இப்படி ஒரு முனையை அவர் இதுவரை எந்தக் கன்னத்துக்கும் கொண்டுபோனதில்லை. ஒருமுறை பக்கத்து ஊர்க்காரன் கொண்டுவந்தபோது, அவனை வேலோடு திருப்பி அனுப்பியவர். முகம் சுண்டிப்போயிற்று. ஆனாலும் தோற்க மனமில்லை.

"முனை போச்சுன்னா வலிக்கோணுமேங்க. எனக்குத்தான் வலிக்கறதில்லையே?"

"அதத்தான் நானும் கேக்கேன்," என்றார் சிஸ்டர்.

நாச்சிமுத்து விழித்தார்.

"எங்க குத்துதிய?"

சட்டையைத் தூக்கினார். தொப்புளுக்கு வலப்பக்கம், இரண்டு விரல் தள்ளி. "இதே எடமுங்க. ஒரு நூல் தப்பாது."

"உங்கட்ட ஒருத்தர் வருஷா வருஷம் அலகு குத்த வாராருன்னு வைங்க. போன வருஷம் குத்தின எடத்துலயே குத்துவியளா?"

"அந்தத் தப்பை எவனாவது பண்ணுவானுங்களா?" அவருக்குக் கோபமே வந்துவிட்டது. "மொதல்ல கன்னத்தைத் தடவிப் பாக்கோணும், உள்ள ஒரு விரல், வெளிய ஒரு விரல். பழைய தழும்பு கெட்டியா நிக்கும். அதுல குத்துனா ஆளுக்கு வலிக்காது. ஆனா வேல் எறங்காது. செத்த சதைங்க அது. அதுல எவ்வளவு குத்தினாலும்..."

பேச்சு அங்கேயே நின்றது.

சிஸ்டர் நாற்காலியை அருகே இழுத்துக்கொண்டார்.

"கண்ணை மூடிக்கிடுங்க," என்றார் சிஸ்டர். "அது உங்க வயிறு இல்லை. அலகு குத்த வந்த யாரோ ஒருத்தர் கன்னம். தடவிப் பாருங்க."

நாச்சிமுத்து கண்ணை மூடினார். விரல்கள் இடப்பக்கத்திலிருந்து கிளம்பின. மெத்தென்று இருந்தது. தொப்புளைத் தாண்டின. வலப்பக்கம் வந்ததும் நின்றன. தோலுக்கு அடியில் கோழிமுட்டை அகலத்துக்கு ஒரு கட்டி, ரப்பர் மாதிரி. இத்தனை நாளும் அதைத் தொப்பை என்று நினைத்திருந்தார்.

விரலுக்கு உடனே தெரிந்துவிட்டது. மனிதருக்குத் தெரியச் சற்று நேரம் ஆனது.

"மருந்து உள்ளயே போகலீங்களா, சிஸ்டர்?"

"போச்சு. அந்தக் கட்டிக்குள்ளயே கெடக்கு. ஒரு நாள் கொஞ்சம் வெளிய வரும். ஒரு நாள் வராது."

"அப்ப, அருள்?"

சிஸ்டர் பழைய ஊசியை எடுத்து, மேஜைக்கடியில் இருந்த கெட்டி டப்பாவுக்குள் போட்டார். டக்கென்று ஒரு சத்தம் வந்தது.

நாச்சிமுத்துவின் கை அதைப் பிடிக்க நீண்டு, பாதியிலேயே மடங்கியது.

சிஸ்டர் எழுந்து போய் டாக்டரம்மாவிடம் பேசிவிட்டு வந்தார். மருந்துச் சீட்டில் நாற்பதை அடித்து இருபத்தெட்டு என்று எழுதியிருந்தது.

"ஏத்தறதுக்குப் பதிலா எறக்கிப்போட்டாங்களே?"

"இதுவரைக்கும் பாதி மருந்துதான் உங்களுக்கு வேலை செஞ்சிருக்கு. இனி முழுசும் செய்யும். நாப்பதைப் போட்டியன்னா மயங்கி விழுந்திருவிய. கை நடுங்கினா, வேர்த்தா, உடனே சீனியை வாயில போடணும். சட்டைப்பையிலயே வச்சுக்கிடுங்க."

சீனியே ஆகாது என்று ஒரு வருஷமாகச் சொன்ன ஆஸ்பத்திரி, இப்போது சட்டைப்பையில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. நாச்சிமுத்து தலையை மட்டும் ஆட்டினார்.

"ஒரு ஊசி ஒரு தடவை. அப்புறம் டப்பா. தினம் எடம் மாறணும். கட்டி இருக்க பக்கம் போகவே கூடாது. குத்திட்டுப் பத்து எண்ணணும். இப்பப் போடுங்க, பாக்கேன்."

புது ஊசியை மாட்டினார். பழக்கத்தில் கை எலுமிச்சம்பழத்தைத் தேடிப் பைக்குள் போனது. வெறுங்கையாகவே திரும்பி வந்தது. வயிற்றின் இடப்பக்கம் தடவிப் பார்த்துக் குத்தினார்.

புருவம் சுருங்கியது.

"வலிக்குதுங்க."

"நல்லது," என்றார் சிஸ்டர். அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

நாலாம் நாள் சர்க்கரை இருநூற்று எழுபது.

ஏழாம் நாள் இருநூற்றுப் பத்து.

பத்தாம் நாள் மதியச் சாப்பாடு கொஞ்சம் தாமதமாயிற்று. வாசலில் நின்ற நாச்சிமுத்துவுக்குக் கை நடுங்கியது, சட்டை நனைந்தது. சட்டைப்பையிலிருந்த சீனியை வாயில் கொட்டிக்கொண்டு உட்கார்ந்தார். மனைவி சரசாள் பதறி ஓடிவந்தாள். அவர் நடுங்கிக்கொண்டே சிரித்தார்.

"ஏனுங்க, என்னாச்சு? பேய் பிடிச்சிருச்சா?"

"மருந்து என்னைக் கண்டுபுடிச்சிருச்சு, சரசா."

மறுநாள் போய்ச் சொன்னதும் அளவு இன்னும் இறங்கியது. இருபத்துநாலு.

அன்றைக்குச் சிஸ்டர், "எடம் மாத்துதியளா, இல்ல மறந்திருதியளா?" என்று கேட்டார்.

"மறக்க முடியாதுங்க. முருகனுக்கு ஆறு படைவீடு. வயித்துல இடப்பக்கமாவே நாலு, தொடையில ரெண்டுன்னு பிரிச்சுப்போட்டேன். மேல ஓரமா பழனி. அதுக்குக் கீழ சுவாமிமலை. ஒரு நாளைக்கு ஒரு வீடு. அடுத்த சுத்துல அதே வீட்டுக்குப் போனா, ஒரு விரல் தள்ளி வேற வாசல்."

"இன்னைக்கு?"

"இடது தொடைங்க. உங்க ஊரு, திருச்செந்தூர்."

சிஸ்டர் ஜெபக்கனி ஞாயிறு தவறாமல் மாதா கோயிலுக்குப் போகிறவர். அவர் வாயோரம் லேசாக அசைந்ததைப் பார்த்தவர்கள் இருக்கிறார்கள். அந்த அறையில் அது பெரிய விஷயம்.

மூன்றாம் வாரத் திங்கட்கிழமை வந்தது.

நாச்சிமுத்து பட்டினியாக வந்திருந்தார். ஆஸ்பத்திரியில் தங்குவதற்கான துணிமணிகளோடு சரசாள் பக்கத்தில் நின்றாள். இரவெல்லாம் அழுத கண். அறுவைசிகிச்சை டாக்டர் கையுறை மாட்டிக்கொண்டு கட்டைப் பிரித்தார். ஒரு சுற்று, இரண்டு சுற்று, மூன்று சுற்று.

கடைசிச் சுற்றில் துணி ஒட்டவில்லை. நாற்றம் இல்லை. ரூபாய் அகலத்துக்கு இருந்த புண் துவரம்பருப்பு அளவுக்கு வந்திருந்தது. அதன் நடுவில் சிவப்பாகப் புதுச் சதை.

டாக்டர் குனிந்து பார்த்தார். ரத்தச் சீட்டைப் பார்த்தார். நூற்று நாற்பத்திரண்டு. பெயரைச் சரிபார்த்தார். மறுபடி காலைப் பார்த்தார்.

பிறகு பேனாவை எடுத்து, அறுவைசிகிச்சை என்று எழுதியிருந்ததன் குறுக்கே ஒரு கோடு போட்டார்.

"வெட்ட வேண்டாம். கட்டுப் போட்டுக்கிட்டே வாங்க, ஆறிடும். வீட்டுக்குப் போலாம்."

சரசாள் துணிப்பையை அணைத்துக்கொண்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். நாச்சிமுத்து தன் கட்டைவிரலைப் பார்த்தார். மெல்ல மடக்கினார். மடங்கியது. நீட்டினார். நீண்டது. அவருக்கு வாய்விட்டுக் கத்த வேண்டும் போலிருந்தது. ஆஸ்பத்திரியாயிற்றே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். கண்ணீர் மட்டும் சொல்பேச்சு கேட்கவில்லை.

டாக்டருக்கு ஆர்வம் தாங்கவில்லை. "உண்மையைச் சொல்லுங்க. வேற ஏதாவது நாட்டு மருந்து சாப்பிட்டீங்களா? இல்லை, புதுசா எந்தச் சாமிக்காவது வேண்டிக்கிட்டீங்களா?"

"சாமியும் அதேதானுங்க, மருந்தும் அதேதானுங்க," என்றார் நாச்சிமுத்து. "குத்தற எடத்தைத்தான் மாத்துனேன்."