அருளாயி போட்ட மேசை

ஒரு ஊர்ல ஒரு பாய்மரப் படகு இருந்துச்சு. "ம்" கொட்டு. நீ கொட்டுனாத்தான் படகு நகரும்.

"ம்..."

ஆங். சின்னப் படகு. பாயை விரிச்சா படபடபடன்னு அடிக்கும். காத்து பிடிச்சுக்கிச்சுன்னா சொய்ங்ங்னு போகும். தேங்காயும் கருவாடும் ஏத்திக்கிட்டு தீவு தீவாப் போயி வித்துட்டு வரும். படகுக்காரரு பேரு கஸ்பாரு. அவரு பொண்டாட்டி அருளாயி. போனா வர ரொம்ப நாளாகும், அதனால ரெண்டு பேருக்கும் படகுதான் வீடு.

படகு நடுவுல, குனிஞ்சு இறங்குற மாதிரி ஒரு குட்டி அறை. இந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, அந்தப் பக்கம் ஒரு பெஞ்சு, நடுவுல ஒரு மேசை. பகல்ல அதுல சாப்பிடுவாங்க. இருட்டுனதும் மேசையோட காலைக் கழட்டிட்டு, பலகையை ரெண்டு பெஞ்சுக்கும் நடுவுல இறக்கி வச்சா... தொப்! கட்டிலாயிடும்.

"மேசை மேலயே தூங்குவாங்களா பெரியம்மா?"

மேசை மேலயேதான். ஆனா அருளாயிக்குத் தூக்கமே வராது. ஏன்னா அந்த மேசையைச் செஞ்சு போட்டது பிலோமி. பிலோமி யாருன்னா, கஸ்பாரோட மொதப் பொண்டாட்டி. காய்ச்சல் வந்து செத்துப் போயிட்டா, பாவம். அப்புறந்தான் கஸ்பாரு அருளாயியைக் கட்டிக்கிட்டாரு.

படகு எந்தத் துறையில போய் நின்னாலும் நாலு பேரு ஏறி வருவாங்க. அருளாயி வச்ச மீன் குழம்பை உறிஞ்சி உறிஞ்சி சாப்பிடுவாங்க. சாப்பிட்டுட்டு, "இது பிலோமி தன் கையால போட்ட மேசைல்லா! என்னா வேலை, என்னா வேலை"ன்னு மேசையைத் தடவிக் குடுத்துட்டுப் போவாங்க. குழம்பைப் பத்தி ஒரு வார்த்தை? ம்ஹூம்.

அருளாயிக்கு வயிறு குபுகுபுன்னு எரியும். உசுரோட இருக்கிறவளா இருந்தா நேரா நின்னு சண்டை போடலாம். செத்தவகிட்ட என்னத்தப் போடுறது? கஸ்பாரு வேற, சாப்பிடும்போது மேசை ஓரத்தைக் கட்டைவிரலால தேய்ச்சுக்கிட்டே இருப்பாரு. அவருக்கே தெரியாது. அருளாயி அவரு மூஞ்சியைப் பாக்க மாட்டா, அந்த விரலைத்தான் பாப்பா.

அப்புறம் ஒரு நாள், நல்ல காத்து. படகு ஒரு பக்கமா சாய்ஞ்சுச்சு. கருவாட்டு மூட்டை ஒண்ணு உருண்டு வந்து மேசை மேல மடார்! பலகை விரிசல் விட்டுப் போச்சு.

"பரவால்ல, ஒட்டிப் போட்டுக்கலாம்"னாரு கஸ்பாரு.

"வேண்டாம். புதுசா நான் போடறேன்"னா அருளாயி. அவ அப்பா கட்டில் செய்யிற ஆளு, அதனால ரம்பம், உளி எல்லாம் பிடிக்கத் தெரியும்.

கஸ்பாரு கயிறு வாங்கக் கடைத்தெருவுக்குப் போனாரு. அப்போ அருளாயி என்ன பண்ணா தெரியுமா? கோடாலியை எடுத்தா. சட் சட் சட்டுன்னு மேசையைப் பொளந்தா. அடுப்புல வச்சுட்டா! கஸ்பாரு திரும்பி வந்தாரு, அடுப்பைப் பாத்தாரு. பாத்துட்டு உக்காந்து, அதுல வெந்த சோத்தைத் தின்னுட்டு, கையைக் கழுவுனாரு. ஒரு வார்த்தை பேசல. அடிச்சுத் திட்டியிருந்தாக்கூட அவளுக்கு ஆறியிருக்கும். தூங்கிட்டியா?

"ம்... இல்ல. அப்புறம்?"

அப்புறம் கரையில உக்காந்து மேசை போட்டா. பிலோமியோடதவிட பெருசா இருக்கணும்னு நல்ல தேக்குப் பலகை எடுத்தா. சர்க் சர்க்னு அறுத்தா, சரக் சரக்னு இழைச்சா. அளவு மட்டும் எடுக்கல. அளவெடுத்தா பிலோமியோட அளவுதான் வரும்னு அவளுக்குப் பயம். மேசையைத் தூக்கிட்டு வந்து அறை வாசல்ல வச்சா... டங்கு! நுழையல. சாய்ச்சா, டங்கு. குறுக்க வச்சா, டங்கு. துறையில நின்னவனெல்லாம் சிரிக்கிறான்.

"கொஞ்சம் அறுத்துப்போமா அருளாயி?"

"எனக்குத் தெரியும், நீங்க போங்க."

அப்புறம் அதையே அறுத்துச் சின்னதாக்குனா. ரெண்டாவது மேசை உள்ள போயிருச்சு. கஸ்பாரு மெதுவா வந்து, "சுத்தி விளிம்புல ஒரு சட்டம் அடிச்சிரு. அப்பத்தான் தட்டு நழுவாது"ன்னாரு.

"அது அவ வச்சது. என் மேசைக்கு வேண்டாம்."

"கழட்டி மாட்டுற மாதிரி காலு?"

"அதுவும் அவ வச்சது."

காலைத் தரையோட வச்சு டக் டக் டக்குன்னு ஆணி அடிச்சுட்டா. அப்போ மேசை எப்பிடி கட்டிலாகும்? ஆகாதே! கஸ்பாரு மேல போயி தேங்காய் மேல படுத்தாரு. இவ பெஞ்சுல சுருண்டுக்கிட்டா.

மறுநாள் சாப்பாட்டு நேரம். மேசை மேல கொதிக்கக் கொதிக்க குழம்புச் சட்டி. ஒரு பெரிய அலை வந்துச்சு. படகு இப்பிடிச் சாய்ஞ்சுச்சு. சட்டி சர்ர்ர்ர்... பொத்! அருளாயி கால் மேலயே.

"ஆத்தாடீ!"

கஸ்பாரு ஓடி வந்தாரு. தண்ணி ஊத்தி ஊத்தி எரிச்சலை அடக்குனாரு. அப்புறம் அந்தக் காலை மடியில வச்சுக்கிட்டு, வாயைப் பொத்திக்கிட்டு குலுங்குறாரு.

"இங்க எனக்கு உசுரு போவுது, நீங்க சிரிக்கிறீங்களா?"

"இல்ல... பிலோமிக்கும் இப்பிடித்தான்..." சட்டுனு நாக்கைக் கடிச்சுக்கிட்டாரு.

அருளாயி நிமிந்து உக்காந்தா. "என்ன பிலோமிக்கு? சொல்லுங்க."

"அவளுக்கு முழங்கால்ல. சுடுகஞ்சி. அவ ரெண்டாவதாப் போட்ட மேசையிலயும் சட்டம் இல்ல, அப்புறந்தான் வச்சா. அதுக்கு முன்ன ஒண்ணு போட்டா பாரு, அது இந்த வாசல்லயே சிக்கி, உள்ளயும் போகாம வெளியவும் வராம, நான் அறைக்குள்ள, அவ வெளிய. மத்தியானம் வரைக்கும் ரெண்டு பேரும் கத்திக்கிட்டுக் கெடந்தோம்."

அருளாயி அவரையே பாத்தா. அவ மனசுல இருந்த பிலோமி ஒரு தப்பும் பண்ணதே கிடையாது. இந்தப் பிலோமியை அவளுக்கு இப்பத்தான் தெரியுது.

"ஏன் இத்தனை நாளா சொல்லல?"

"அவ பேரை எடுத்தாலே நீ மூஞ்சியைத் திருப்பிக்கிறே. நான் எங்க பேச?"

"அடுப்புல எரிச்சப்பவாவது திட்டியிருக்கலாம்ல?"

"அன்னிக்கு வாயைத் தொறந்தா அழுதிருப்பேன்."

அவ்வளவுதான். அருளாயி குனிஞ்சு தன் காலைப் பாத்துக்கிட்டா. அப்புறம், "அந்தச் சட்டத்தை எப்பிடி அடிச்சா? சொல்லுங்க"ன்னா.

கால் ஆறுனதும் மூணாவது மேசை போட்டா. கயிறு பிடிச்சு வாசலை அளந்தா. மூலையெல்லாம் இடுப்புல இடிக்காம உருட்டி விட்டா. காலைக் கழட்டி மாட்டுற மாதிரி வச்சா. சுத்தி சட்டம் அடிச்சா. அப்புறம், பலகையை ரெண்டா வெட்டிக் கீல் போட்டு, ஒரு பாதியை மடக்கிக்கிட்டா அடுப்புப் பக்கம் போகலாம்னு ஒரு வழி பண்ணா பாரு, அது அவளே யோசிச்சது. கடல்ல போயி பாத்தாங்க. அலை வந்துச்சு, சட்டி நகந்துச்சு, சட்டத்துல போயி 'டிக்'குன்னு நின்னுக்கிச்சு!

"பொறாமை போயிடுச்சா?"

எங்க போகும்? கேளு. பிலோமியோட அம்மா சந்தியம்மா அக்கரையில இருந்தாங்க. கஸ்பாரு கோயில் திருவிழாவுக்குப் போயி அவங்களைப் பாத்துட்டு வருவாரு, தனியா. அருளாயி கரையில இறங்கவே மாட்டா. இந்தத் தடவை அவளே, "அந்தம்மாவைப் படகுக்குக் கூட்டிட்டு வாங்க"ன்னா. நல்ல மனசாலயா? கொஞ்சம். ஆனா நிசத்தைச் சொல்லணும்ல? தன் மேசையைக் காட்டணும்னுதான்.

சந்தியம்மா வந்தாங்க. குனிஞ்சு இறங்கி, பெஞ்சுல உக்காந்து, சுத்திப் பாத்தாங்க. "எம் மவ மேசை எங்கய்யா?"

கஸ்பாரு தலையைக் குனிஞ்சுக்கிட்டாரு. "அலையில உடைஞ்சு போச்சு அத்தே..."ன்னு ஆரம்பிச்சாரு.

"விரிசல்தான் விட்டுச்சு"ன்னா அருளாயி. "நாந்தான் பொளந்து அடுப்புல வச்சேன். பொறுக்க முடியலம்மா."

வெளிய தண்ணி மட்டும் சலக், சலக். கிழவி புது மேசையைத் தடவிப் பாத்தாங்க. மடக்கிப் பாத்தாங்க, விரிச்சுப் பாத்தாங்க. அப்புறம், "எம் மவளோடதவிட இது நல்லாருக்கு தாயி"ன்னாங்க. சொல்லும்போதே குரல் உடைஞ்சு போச்சு.

அருளாயி இந்த வார்த்தைக்குத்தான் ஏங்கிக் கெடந்தா. வந்துருச்சு. ஆனா இனிக்கல கண்ணு. தட்டை எடுத்து வச்சு, சோறு போட்டு, பெரிய மீன் துண்டாப் பாத்து வச்சு, "சாப்பிடுங்கம்மா, ஆறிடும்"னா. கிழவியும் சாப்பிட்டாங்க. சாப்பிட்டுக்கிட்டே மவளைப் பத்திப் பேசுனாங்க. அருளாயி பக்கத்துல உக்காந்து முள்ளு எடுத்துக் குடுத்துக்கிட்டே கேட்டா.

கிளம்பும்போது கிழவி அருளாயி கையைப் பிடிச்சுக்கிட்டு, "அடுத்த திருவிழாவுக்கும் வருவியா தாயி?"ன்னாங்க.

"வர்றேம்மா."

பக்கத்துல நின்ன கஸ்பாருக்கு மூஞ்சி சுருங்கிப் போச்சு. "இத்தனை வருசமா வர்றேன், என்னை ஒரு நாள் இப்பிடிக் கேட்டதுண்டா?"ன்னு பாயை இழுத்துக் கட்டிக்கிட்டே முணுமுணு முணுமுணுன்னாராம்.

படகு கிளம்பிருச்சு, கதையும் கரை ஏறிருச்சு. ம் சொல்ல வேண்டாம். கண்ணை மூடிக்கோ, தூங்கு.