பன்னிரண்டு எள்ளுருண்டையும் ஆறு கல் தூரமும்

ஒரு காலத்தில் கருங்கோட்டையை அதிவீரபூபதி என்ற ராஜா ஆண்டுவந்தான். நினைத்தது நினைத்த மாத்திரத்தில் நடக்க வேண்டும், அதுதான் அவன் ராஜநீதி. ஆனால் அவனுக்கும் அடங்காத கட்டளை ஒன்று உண்டு. பொழுதடையச் சங்கு ஊதினால் கோட்டைக் கதவு சாத்தப்படும். ராஜாவே வந்தாலும் விடியும்வரை திறக்காது. அவன் தாத்தா போட்ட கட்டளை அது.

ஒருநாள் சங்கு ஊதப் பன்னிரண்டு நாழிகை இருக்கும்போது, ஆறு கல் தொலைவிலுள்ள செம்மலை முருகனைக் கும்பிட்டு வரவேண்டும் என்று ராஜாவுக்குத் தோன்றிவிட்டது. பல்லக்குத் தூக்கிகளின் தலைவன் மாடக்கண்ணு மனசுக்குள் கணக்குப் போட்டான். நாழிகைக்கு ஒரு கல் நடந்தால் போக ஆறு, வர ஆறு. கொஞ்சம் அசந்தாலும் மாட்டிக்கொள்வோம்.

பல்லக்கில் ராஜாவுக்கு எதிரே அவைக் கணிதர் தாண்டவராயர் ஏறி உட்கார்ந்தார். மாடக்கண்ணுவின் நடையை ராஜா சபையில் புகழ்ந்த நாளிலிருந்து அவருக்கு வயிற்றெரிச்சல்.

"மகாராஜா, உண்ட உடம்பு குலுங்கக் கூடாது. போகும்போது நாழிகைக்கு அரைக் கல், வரும்போது ஒன்றரைக் கல். இரண்டையும் கூட்டிப் பாதியாக்கினால் ஒன்று. கணக்குச் சரி!"

"பலே!" என்றான் ராஜா.

"சாமி, அது சரிப்படாதுங்க..." என்றான் மாடக்கண்ணு.

"தோளில் சுமக்கிறவன் எனக்குக் கணக்குச் சொல்வதா?" என்று சீறினார் கணிதர்.

"சங்கு ஊதியபின் வந்தாயோ, உன் தலை உனக்கில்லை" என்று சொல்லிவிட்டு ராஜா கண்ணை மூடினான்.

மாடக்கண்ணு பல்லக்கைத் தோளில் ஏற்றினான். வீட்டில் நிறைமாதக்காரி காத்திருக்கிறாள். கால் ஊர்ந்தது, வெயில் ஓடியது. மூன்றாவது கல் வந்தபோது, பேசினாலும் தலை போகும், பேசாவிட்டாலும் போகும், பேசிவிட்டே போகட்டும் என்று பல்லக்கை நிறுத்திவிட்டான்.

"மகாராஜா, நாழிகைக்கு ஒருதரம் தோள் மாத்துவோம். மாத்துறப்ப ஆளுக்கு ஒரு எள்ளுருண்டை. நான் கொண்டுவந்தது பன்னிரண்டு. இப்ப என் மடியில ஆறுதான் இருக்கு. மலைக்கு இன்னும் பாதி வழி. இதே நடையில போய்ச் சேர்ந்தா எத்தனை மிஞ்சும்?"

ராஜா விரல் விட்டு எண்ணினான். "ஒன்றும் மிஞ்சாதே!"

"அப்ப திரும்பி வர நேரம் எங்கேங்க? காத்தாப் பறந்தாலும் கதவு சாத்தியிருக்கும்."

ராஜாவின் முகம் வெளுத்தது. "தாண்டவராயரே, வேகத்தைக் கூட்டினீர், நேரத்தை எங்கே விட்டீர்?"

கணிதர் விரல்களை மடக்கி மறுபடி எண்ணத் தொடங்கினார்.

"இன்னும் ஒன்பது கல் இருக்கு, நேரம் ஆறு நாழிகை" என்றான் மாடக்கண்ணு. "இப்பவே ஒன்றரைக் கல் வேகத்தில ஓடினா எட்டிப் பிடிக்கலாம். ஆனா ரெண்டு ஆள் பாரத்தோட முடியாதுங்க."

ராஜா கணிதரைப் பார்த்தான். "திரும்பும்போது ஏறிக்கொள்கிறேன்" என்று முனகிக்கொண்டே கணிதர் இறங்கி, வழியோர ஆலமர நிழலில் சாய்ந்தார். அப்போதே ஊரைப் பார்த்து நடக்க அவருக்குக் கௌரவம் இடங்கொடுக்கவில்லை.

ஓடினார்கள். மலையடியில் பல்லக்கை இறக்காமலே ராஜா கைகூப்பினான். திரும்பும் வழியில் ஆலமரம் வந்தது, போனது. நிற்க யாருக்கு நேரம்? கணிதர் கத்திக்கொண்டே பின்னால் ஓடிவந்தார். கோட்டை தெரிந்தபோது காவலன் சங்கைத் தூக்கிவிட்டான். "ஓடுங்கடா!" என்று கத்தினான் மாடக்கண்ணு. கடைசி ஆளின் முதுகை உரசிக்கொண்டு கதவு மூடியது. மாடக்கண்ணு அங்கேயே உட்கார்ந்து அழுதுவிட்டான்.

ராஜா தன் பட்டுச் சால்வையை அவன் தோளில் போர்த்தினான். "இனி என் பயணத்துக்கு நேரம் குறிப்பவன் நீதான்."

அப்போது வெளியே கதவு தடதடத்தது. "மகாராஜா! நான் தாண்டவராயன்! திறக்கச் சொல்லுங்கள்!"

ராஜா கதவருகே போனான். "எனக்கே திறக்காத கதவு ஐயா அது! விடிய நிறைய நேரமிருக்கிறது, கணக்கை நிதானமாகப் போட்டுப் பாரும்."