காசிம் பாயின் பாதக்கோடு

கோணல் கோட்டைக் கண்டாலே சோணைமுத்துவுக்கு ஆகாது. மதுரையில் பாதித் தெருக்களில் நிற்கும் இரும்புக் கேட்டுகள் அவர் கம்ப்யூட்டரில் போட்ட படங்கள்தாம். அந்தப் பட்டறையை மூடிவிட்டார்கள். ஐம்பதைத் தாண்டிய வயதில் புது வேலை தேடி, செருப்புக் கூடம் ஒன்றில் வந்து சேர்ந்தார். சர்க்கரை நோயால் கால் புண்ணானவர்களுக்கு அவரவர் காலுக்கு அளவெடுத்துச் செருப்புச் செய்யும் இடம் அது.

அங்கே வேலை சொல்லிக் கொடுப்பவள் அமலோற்பவம். சோணைமுத்துவின் மகளைவிட ஒன்றிரண்டு வயது கூட இருக்கலாம். "இங்க நான் புதுசு. இனிமே நீங்கதான் எனக்கு டீச்சர்" என்று சேர்ந்த அன்றே கும்பிடு போட்டார். வாய்தான் கும்பிட்டது. எனக்குக் கோடு போடச் சொல்லித்தர இன்னொருத்தி பிறந்து வர வேண்டுமாக்கும் என்று மனசு மீசையை முறுக்கிக்கொண்டிருந்தது.

ஒருநாள் காலை ஸ்கேன் சென்டரிலிருந்து காசிம் பாயின் கால் வந்தது. கால் என்றால் நிஜக் கால் இல்லை. காலைச் சுற்றி மெஷின் எடுத்து அனுப்பிய கோடு. புள்ளி புள்ளியாகத் தொடுத்துக்கொண்டே போகும் அந்தக் கோட்டுக்குப் பாலிலைன் என்று பெயர். அதற்கு வெளியே கொஞ்சம் இடம் விட்டு, கூடவே இன்னொரு கோடு ஓட்டினால் அதுதான் செருப்பின் உள்விளிம்பு. அதற்கு ஆஃப்செட் என்று ஒரு கட்டளை உண்டு. தட்டினால் தானே ஓடிவிடும்.

சோணைமுத்து தட்டினார். முடியாது என்றது கம்ப்யூட்டர். மறுபடி தட்டினார். மறுபடி முடியாது என்றது.

கோட்டைப் பெரிதாக்கிப் பார்த்தார். பார்த்ததும் மூக்குக்கு மேல் கோபம் வந்துவிட்டது. தொடங்கிய புள்ளியும் முடிந்த புள்ளியும் ஒட்டவில்லை. குதிகாலில் முள் மாதிரி ஒரு துருத்தல். உள்பாதத்தில் ஒரே இடத்தில் புள்ளி மேல் புள்ளி. சுண்டுவிரல் பக்கம் கேட்கவே வேண்டாம். கோடு புடைத்து, உள்ளே மடங்கி, தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தது.

"இதெல்லாம் ஒரு கோடா? கோழி கிளறின குப்பை மாதிரி இருக்கு!"

ஸ்கேன் சென்டருக்குப் போன் போட்டார். "ஏம்ப்பா, சோத்துல உப்புப் போட்டுத்தான் திங்கிறியா?"

"சார், மெஷின் எடுத்ததை அப்படியே அனுப்பிருக்கோம்."

"அப்படியே அனுப்பறதுக்கு நீ எதுக்குப்பா அங்க?" போனை வைத்துவிட்டார்.

சத்தம் கேட்டு அமலோற்பவம் எட்டிப் பார்த்தாள். "பாயோட காலைப் பார்த்தீங்களாண்ணே?"

"கோட்டைப் பார்த்துக்கிட்டுத்தான் இருக்கேன் டீச்சர். காலு எதுக்கு?"

அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் யாரோ வெளியிலிருந்து கூப்பிட, போய்விட்டாள்.

சோணைமுத்து வரிந்துகட்டிக்கொண்டு இறங்கினார். வாய் பிளந்திருந்த முனைகளைச் சேர்த்தார். இரட்டைப் புள்ளிகளை அழித்தார். முள்ளை வெட்டினார். அப்போதும் கம்ப்யூட்டர் மசியவில்லை. மிச்சம் இருந்தது சுண்டுவிரல் பக்கத்து அசிங்கம் மட்டும்தான். நீயா நானா பார்த்துவிடுவோம் என்று அந்தத் துண்டையே முழுசாக அழித்துவிட்டு, மாடிவீட்டுக் கேட்டு வளைவு மாதிரி அழகாக ஒரு வளைவை இழுத்தார். ஆஃப்செட் ஓடியது.

"இப்பத்தான் காலு மாதிரி இருக்கு" என்றார் தனக்குத் தானே. உண்மையிலேயே அழகாகத்தான் இருந்தது.

செருப்பு தயாரானதும் காசிம் பாய் வந்தார். பரோட்டா மாஸ்டர். காலையில் கல் முன்னால் நின்றால் கடை சாத்தும் வரை நின்றுகொண்டேதான் இருக்க வேண்டும். சர்க்கரை அவருடைய வலதுகாலில் சுண்டுவிரலையும் பக்கத்து விரலையும் தின்றுவிட்டது. பாதத்தில் உணர்ச்சியும் போய்விட்டது. நெருப்புத் துண்டு விழுந்தாலும் வாசனை வந்த பிறகுதான் தெரியும். இன்னொரு புண் வந்தால் கணுக்காலோடு எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டர் சொல்லி அனுப்பியிருந்தார். ஒற்றைக் காலில் நின்று பரோட்டா வீச முடியுமா?

செருப்பைப் போட்டுக்கொண்டு கூடத்தில் மேலும் கீழும் நடந்தார்.

"எப்படி இருக்கு பாய்?" என்றார் சோணைமுத்து.

"மெத்தை மாதிரி இருக்குண்ணே. போட்டிருக்கிறதே தெரியல."

சோணைமுத்து அமலோற்பவத்தைப் பார்த்தார். எப்படி நம்ம வேலை என்று கேட்கிற பார்வை அது.

"கழட்டுங்க பாய்" என்றாள் அவள். தரையில் உட்கார்ந்து அவர் காலைத் தூக்கி மடியில் வைத்துக்கொண்டாள். சுண்டுவிரல் இருந்த இடத்துக்குப் பின்னால், செருப்பு விளிம்பு பட்ட இடம் கன்றிச் சிவந்திருந்தது.

"இன்னும் கொஞ்சம் நடந்திருந்தா தோல் பிஞ்சிருக்கும்."

காசிம் பாய் குனிந்து பார்த்தார். அவர் முகம் வெளுத்தது. அப்புறம் குரல் எகிறியது.

"என்னங்க இது அநியாயமா இருக்கு! செருப்புக் கடிக்கக் கூடாதுன்னுதானே உங்ககிட்ட வந்தேன்? கடிக்கிற செருப்பு வேணும்னா பிளாட்பாரத்துலயே வாங்கிருப்பேனே! ரெண்டு விரலைக் குடுத்தது பத்தாதா?"

"கோடு தப்பா வந்துருச்சு பாய். எல்லாம் அந்த ஸ்கேன்காரன் பண்ணின கூத்து. நான்தான் உட்கார்ந்து சரிபண்ணி..."

"எவன் பண்ணினா எனக்கென்னண்ணே? போகப்போறது என் காலுல்ல?"

சோணைமுத்துவுக்குச் சுருக்கென்றது. உடனே கோபமும் வந்தது. கஷ்டப்பட்டு வேலை பார்த்தவனுக்கு இதுதான் மரியாதையா?

அமலோற்பவம் எழுந்து போனாள். ஸ்கேன் சென்டர் அனுப்பிய பழைய கோட்டைக் காகிதத்தில் நிஜ அளவுக்கே பிரிண்ட் எடுத்துக்கொண்டு வந்து தரையில் விரித்தாள்.

"உட்காருங்கண்ணே. பாயோட காலைப் பிடிங்க."

"நானா? நான் படம் போடுறவன் டீச்சர்."

"அதுக்குத்தான் சொல்றேன்."

"என் வயசுக்கு ஒரு ஆளு காலைப் பிடிக்கச் சொல்றீங்களே, இது நல்லாருக்கா?"

"பாய் காலு போனா நல்லாருக்குமாண்ணே?" அவள் குரலை உயர்த்தவில்லை. ஆனால் கண் சிவந்திருந்தது.

சோணைமுத்து உட்கார்ந்தார். முகத்தில் எள்ளும் கொள்ளும் வெடித்தது. காசிம் பாயும் விறைப்பாகத்தான் காலை நீட்டினார்.

"கண்ணை மூடிக்கிட்டுக் கட்டைவிரலால ஓரத்தைத் தடவிக்கிட்டே வாங்க. நான் கோட்டைப் பார்த்துச் சொல்லிக்கிட்டு வர்றேன். குதிகால்ல முள்ளு மாதிரி ஒண்ணு நீட்டிக்கிட்டிருக்கு. இருக்கா?"

"இல்ல. வழவழன்னு இருக்கு."

"ஸ்கேன் எடுக்கிறப்போ கைலியில நூலு தொங்குச்சு. அதுவா இருக்கும்" என்றார் காசிம் பாய் எங்கோ பார்த்துக்கொண்டு.

அவள் அந்த முள்ளைப் பென்சிலால் அடித்தாள். "உள்பாதம்?"

"ஒண்ணும் இல்ல."

அங்கேயும் அடித்தாள். "சுண்டுவிரல் பக்கம்."

சோணைமுத்துவின் கட்டைவிரல் நின்றுவிட்டது. எலும்பு ஒன்று நெல்லிக்காய் மாதிரி வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. அதைத் தாண்டினால், விரலை எடுத்துத் தைத்த இடத்தில் தோல் உள்ளே மடிந்து, ஒன்றின் மேல் ஒன்று ஏறிக் கிடந்தது. கண்ணைத் திறந்து காகிதத்தைப் பார்த்தார். கோடு புடைத்து, உள்ளே மடங்கி, தன்னைத் தானே வெட்டிக்கொண்டு வெளியே வந்தது.

தான் அழித்தது இந்த எலும்பைத்தான் என்று அவருக்குப் புரிந்தது. கம்ப்யூட்டரில் அழித்துவிட்டால் காலில் இல்லாமல் போய்விடுமா? அழகாக இழுத்த அந்த வளைவு நேராக இதன் மேலேதான் ஏறிப் போயிருக்கிறது.

"தப்புத்தான் பாய்" என்றார்.

அப்புறம் அமலோற்பவத்தின் பக்கம் திரும்பினார். குரலில் இன்னும் ஆற்றாமை இருந்தது. "சரி டீச்சர். அந்த முள்ளும் கோணல்தான், இந்த எலும்பும் கோணல்தான். எது குப்பை, எது காலுன்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது? கேட்டு வேலையில எங்களுக்கு ஒரு கணக்கு இருந்துச்சு. கோணல் இத்தனை மில்லிமீட்டருக்குள்ள இருந்தா யோசிக்காம அழின்னு. அப்படி ஒரு கணக்கு சொல்லிக் குடுத்துருங்களேன். வர்றவுக காலையெல்லாம் நான் பிடிச்சுக்கிட்டா இருக்க முடியும்?"

அமலோற்பவம் காகிதத்தை மடித்தாள். காசிம் பாயைப் பார்த்தாள்.

"பாய், கொஞ்சம் மேல பாருங்க. அண்ணன் கை இப்ப எங்க இருக்கு?"

காசிம் பாய் சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியைப் பார்த்தபடி யோசித்தார்.

"கையை எடுத்துட்டாருல்ல?"

சோணைமுத்துவின் கட்டைவிரல் கன்றிச் சிவந்த இடத்தின் மேலேயே இருந்தது.

"செருப்புக் கடிச்சாலும் இந்தக் காலு கத்தாதுண்ணே" என்றாள் அமலோற்பவம். "கத்துற காலா இருந்தா, நானே உங்களுக்கு ஒரு கணக்கு சொல்லிருப்பேன்."