நான்காவது பாத்தி

சூசைமாணிக்கம் வேளாண்மை அலுவலர். நாற்பத்தாறு வயதில் படிப்பு விடுப்பு எடுத்துக்கொண்டு பயிர் இனப்பெருக்கத்தில் முனைவர் பட்டத்துக்குச் சேர்ந்தார். அவருடைய நெறியாளர் மெகருன்னிசா அவரைவிட எட்டு வயது இளையவர். அவர் இவரை ‘சார்’ என்பார். இவர் அவரை ‘மேடம்’ என்பார்.

ஒருநாள் காலை சூசைமாணிக்கம் ஆய்வேட்டைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

“பாடமெல்லாம் முடிச்சாச்சு மேடம். தகுதித் தேர்வு பாஸ். ரெண்டு கட்டுரை வந்தாச்சு. ரெண்டு பருவம் வயல்லயும் போட்டுப் பார்த்தாச்சு. உங்க கையெழுத்துதான் பாக்கி.”

வறட்சி தாங்கும் எள் ரகம் ஒன்றை அவர் உருவாக்கியிருந்தார். மாதக் கடைசியில் விடுப்பு முடிகிறது. அதற்குள் ஆய்வேடு போய்விட்டால், உதவி இயக்குநர் பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் வந்துவிடும்.

மெகருன்னிசா இரண்டு நாள் படித்தார். மூன்றாம் நாள், “வயலைக் கொஞ்சம் காட்டுறீங்களா சார்?” என்று கேட்டார்.

மொத்தம் நான்கு பாத்திகள். மூன்றில் எள் நன்றாக விளைந்திருந்தது. நான்காவதைப் பற்றி ஆய்வேட்டில் ஒரே வரி: ‘மழைநீர் தேங்கி அழிந்ததால் கணக்கில் சேர்க்கப்படவில்லை.’

சூசைமாணிக்கம் வரப்பில் முன்னால் நடந்தார். மூன்று பாத்திகளைத் தாண்டிப் போய் நான்காவதன் ஓரத்தில் நின்றார். நின்ற பிறகுதான், எங்கே வந்து நிற்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

மெகருன்னிசா குனிந்து, காய்ந்து நின்ற தண்டு ஒன்றைப் பிடுங்கினார். வேரின் பட்டை நார் நாராக உரிந்தது. உள்ளே கரித்தூள் தூவியதுபோலப் புள்ளிகள்.

“என்ன சார் இது?”

“வேரழுகல்.”

“தண்ணி நின்னுச்சா?”

“இல்ல மேடம்.”

சூசைமாணிக்கம் அந்த வேரைப் பார்த்தபடியே கேட்டார்:

“உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?”

“தெரியாது. வயலைக் காட்டுங்கன்னுதான் சொன்னேன். நீங்க இங்க வந்து நின்னீங்க.”

“இதை எழுதினா குழு இன்னொரு பருவம் கேட்கும்.”

“கேட்கும். குழுவில நானும் இருக்கேன். நான்தான் முதல்ல கேட்பேன்.”

“என் லீவு முடியுது மேடம்.”

“தெரியும் சார்.”

வேரைச் சூசைமாணிக்கத்தின் கையில் கொடுத்துவிட்டு மெகருன்னிசா போய்விட்டார்.

சூசைமாணிக்கம் வரப்பிலேயே உட்கார்ந்தார். வாடிய செடியை மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு தன் அலுவலகத்துக்கு வந்த விவசாயிகளின் முகங்கள் நினைவுக்கு வந்தன. ‘ஆபீசர் சொன்ன வெதைதான் சார்’ என்பார்கள். குரலில் கோபம் இருக்காது. அதைத்தான் அவரால் தாங்க முடியாது.

மறுநாள் சம்பளமில்லா விடுப்புக்கு எழுதிக் கொடுத்தார்.

இரண்டு மாதம் கழித்து அவர் மனைவி போனில் கேட்டார்: “பட்டியல் வந்திருச்சாமே. உங்களுக்கு அப்புறம் வேலைக்குச் சேர்ந்தவரு பேரு இருக்காமே?”

“ஆமா.”

“சரி, சாப்பிட்டீங்களா?” என்றார் அவர்.

சூசைமாணிக்கம் அதே நான்காவது பாத்தியில் மறுபடி விதைத்தார். நாற்பதாம் நாள் இலைகள் தொங்கின. ஒவ்வொரு செடியாகப் பிடுங்கிப் பார்த்துக் குறித்துக்கொண்டார். ஒன்றுகூடத் தப்பவில்லை. அதை அப்படியே எழுதினார்.

வாய்மொழித் தேர்வுக்கு வெளியூரிலிருந்து ஒரு பேராசிரியர் வந்திருந்தார்.

“உங்க ரகத்தை எல்லா விவசாயிக்கும் கொடுக்கலாமா?”

“கூடாது சார். மத்த மூணு பாத்தியில நல்லா வந்துச்சு. ஆனா வேரழுகல் இருக்கிற மண்ணுல ஒரு செடியும் நிக்காது.”

தேர்வாளர் பட்டத்துக்குப் பரிந்துரைத்துக் கையெழுத்துப் போட்டார்.

வெளியே வராந்தாவில் சூசைமாணிக்கமும் மெகருன்னிசாவும் ஆளுக்கொரு டீயோடு நின்றார்கள்.

“என் பேர்ல ஒரு ரகம் வரும்னு வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தேன் மேடம். அஞ்சு வருஷம் கழிச்சு, ‘இந்த மண்ணுல விதைக்காதீங்க’ங்கிற ஒரு வரிதான் மிச்சம்.”

மெகருன்னிசா டீயைக் குடித்து முடித்தார்.

“அந்த வரியை யாரோ ஒருத்தர் படிப்பார் சார். விதையை வேற வயலுக்கு எடுத்துட்டுப் போவார். அந்த வருஷம் அவர் வீட்ல கெட்டது ஒண்ணும் நடக்காது. உங்க பேரு அவருக்குத் தெரியவே தெரியாது.”