குழி விழாத வாஷர்

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்றுக்கு மேலதிகாரி கிடையாது. மற்ற எல்லோருக்கும் உண்டு.

பதினேழாம் எண் காற்றாலையின் பொறுப்பாளர் செண்பகராமனுக்கு மேலதிகாரி கோதண்டபாணி. செண்பகராமனுக்கு வயது ஐம்பத்திரண்டு. பொறியியலில் இரண்டு பட்டங்கள் பெற்றவர். இரண்டும் சட்டமிடப்பட்டுச் சுவரில் தொங்கின. சட்டைப் பையிலோ கையெழுத்திடாத கடிதம் ஒன்று இருந்தது.

கோபுரத்தின் அடியை அடித்தள வளையத்தோடு சேர்த்துப் பிடித்திருந்தவை தொண்ணூற்றாறு போல்ட்டுகள். ஒரே ஆண்டில் மூன்று முறை அவை தளர்ந்துவிட்டன.

"யார் கழுத்தையாவது பிடிச்சாகணும்" என்று தொலைபேசியில் சொல்லியிருந்தார் கோதண்டபாணி. "ஃபிட்டர் சுயம்புலிங்கம் சரியா முறுக்கலைன்னு எழுதிக் கையெழுத்துப் போடுங்க. ஆளை எடுத்துடலாம்."

கடிதத்தையும் அவரே தட்டச்சு செய்து அனுப்பியிருந்தார். அவ்வளவு கருணை.

சுயம்புலிங்கம் அந்தக் கோபுரத்தின் காலடியில் பதினோரு ஆண்டுகள் உழைத்தவர். கடிதம் பற்றி அவருக்குத் தெரியும். தெரியாதவர்போல ரெஞ்சுகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

ஆடிக்காற்றுக்குப் பன்னிரண்டு நாட்கள் இருந்தன. செண்பகராமன் மரிய ஜெசிந்தாவை வரவழைத்தார்.

அவளுக்கு வயது முப்பத்து நான்கு, படிப்பு ஐ.டி.ஐ. கணவாயின் காற்றாலைகளில் பாதி அவள் கைபட்டு இறுகியவை. ஆண்கள் அவளைக் கேலியாக 'ஆசான்' என்று அழைக்கத் தொடங்கினார்கள். கேலி என்றோ உதிர்ந்துவிட்டது. பெயர் மட்டும் தங்கிவிட்டது.

"ஆசானே, ஒரே கேள்விதான். எந்த வாஷர் போட்டா இது நிக்கும்?"

"இப்ப என்ன போட்டிருக்கிய?"

அவர் ஒரு நட்டைக் கழற்றச் செய்து, அடியிலிருந்ததை எடுத்து நீட்டினார். நட்டுக்கு அடியில் போடும் இரும்பு வளையமான ஒரு தட்டை வாஷர். அதன்மேல், வெட்டுவிட்டுச் சுருள்போல் துள்ளும் ஒரு ஸ்பிரிங் வாஷர்.

"ரெண்டு எதுக்கு?"

"பாதுகாப்புக்கு. சைக்கிள்லேருந்து பம்ப்செட் வரைக்கும் எல்லாரும் ஸ்பிரிங் வாஷர் போடறதுதானே?"

"சைக்கிள் எம்புட்டு பாரம் தாங்கும், சார்?"

செண்பகராமன் கையிலிருந்த வாஷர்களைத் திருப்பிப் பார்த்தார். பட்டங்களில் அந்தக் கேள்வி வந்ததில்லை.

காலைத் தூறலில் செம்மண் இளகியிருந்தது. ஜெசிந்தா ஒரு பிளாஸ்டிக் நாற்காலியைக் கொண்டுவந்து மண்ணில் வைத்தாள்.

"ஒக்காருங்க."

செண்பகராமன் கனத்த மனிதர். அவர் அமர்ந்ததும் நாற்காலியின் நான்கு கால்களும் மண்ணுக்குள் இறங்கின. ஒரு கால் அதிகமாக இறங்கியது. அவர் இடப்புறம் சாய்ந்தார்.

அவள் அவரை எழுப்பினாள். சுயம்புலிங்கத்தின் தேநீருக்கு அருகிலிருந்த வட்டப் பிஸ்கட்டுகளில் நான்கை எடுத்துக் கால்களின் கீழ் வைத்தாள்.

"ஆசானே, அது என் பலகாரமாக்கும்!" என்றார் சுயம்புலிங்கம்.

"வாஷர் மாதிரி வட்டமா இருக்கு அண்ணே. ஒக்காருங்க சார்."

அவர் அமர்ந்தார். பிஸ்கட்டுகள் மாவாயின.

பழைய ரப்பர் செருப்பொன்றை நான்காக அறுத்து வைத்தாள். அவர் அமர்ந்தார். ரப்பர் நசுங்கித் தட்டையாயிற்று. நாற்காலி முதலில் ஆடியது. பிறகு, முன்புபோலவே இறங்கியது.

"துள்ளுகது எல்லாம் பாரம் வருகதுக்கு முன்னாடிதான்" என்றாள் ஜெசிந்தா.

கடைசியாக, நான்கு கடப்பைக் கல் துண்டுகளை வைத்தாள். அவர் தயங்கி அமர்ந்தார். நாற்காலி அசையவில்லை. சுயம்புலிங்கம் அவர் கையில் தேநீரைக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை ஒரு சொட்டும் சிந்தவில்லை.

செண்பகராமன் எழுந்து, மண்ணில் கிடந்த மாவையும் ரப்பரையும் பார்த்தார். பிறகு, பழைய தட்டை வாஷரைக் கையிலெடுத்தார். ஸ்பிரிங் வாஷர் அழுந்தியிருந்த இடம் வட்டக் குழியாக அமிழ்ந்திருந்தது. கட்டைவிரல் அதற்குள் வழுக்கிச் சென்று நின்றது.

"சுயம்பு முறுக்கினது சரிதான்" என்றார் மெல்ல. "ஸ்பிரிங் நசுங்கியிருக்கு, வாஷர் குழிஞ்சிருக்கு. அதனால பிடி தளர்ந்திருக்கு."

"அத எங்கிட்ட ஏன் சொல்லுதிய?"

செண்பகராமன் சட்டைப் பையைத் தொட்டார்.

ஆறாம் நாள், கடினப்படுத்திய எஃகு வாஷர்கள் வந்து சேர்ந்தன. கெட்டியானவை, போல்ட்டின் தலையைவிட அகலமானவை. முதல் வாஷரை செண்பகராமனே போல்ட்டில் கோத்தார்.

"கழத்துங்க" என்றாள் ஜெசிந்தா.

"ஏன்? நல்ல கல்லு மாதிரி இருக்கே!"

"கண்ண மூடிக்கிட்டு போல்ட்டுத் தலைக்குக் கீழ தடவுங்க."

தடவினார். தலையும் தண்டும் சந்திக்கும் கழுத்து நேர்கோணமாக இல்லை. சற்றே சதைப்பிடிப்போடு வளைந்திருந்தது. வாஷரின் துளையைத் தடவினார். ஒரு பக்க விளிம்பு கத்திபோலக் கூர்மை. மறுபக்கம் சரிவாகச் சீவப்பட்டிருந்தது. கூர்மையான பக்கத்தைத்தான் அவர் கழுத்துக்குக் கொடுத்திருந்தார்.

"வெறைப்பா இருந்தா மட்டும் போதாது, சார். கழுத்துக்கு எடம் விடணும்."

அவர் வாஷரைத் திருப்பிக் கோத்தார். தொண்ணூற்றாறு போல்ட்டுகளிலும் தலைக்கு ஒன்று, நட்டுக்கு ஒன்று. ஒவ்வொன்றையும் தாமே விரலால் தடவிப் பார்த்த பிறகே சுயம்புலிங்கத்திடம் விட்டார். முறுக்கி முடித்ததும், நட்டிலிருந்து கோபுரத்தின் விளிம்பு வரை ஒவ்வொன்றிலும் ஒரு வெள்ளைக் கோடு இழுத்தாள் ஜெசிந்தா. நட்டு மயிரிழை நகர்ந்தாலும் கோடு உடைந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஆடி பிறந்தது. கணவாயில் காற்று இரவும் பகலும் கோபுரத்தை அடித்தது. இருபத்தோரு நாட்கள் இறக்கைகள் நிற்கவேயில்லை.

இருபத்திரண்டாம் நாள் சோதனை. கோதண்டபாணி நேரில் வந்தார். இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கோபுரத்துக்குள் நுழைந்தார்கள். சுயம்புலிங்கம் பெரிய ரெஞ்சை முதல் நட்டில் பொருத்திக் குறித்த அழுத்தம் வரை ஏற்றினார். நட்டு நகரவில்லை. கோடு உடையவில்லை.

பத்து. முப்பது. அறுபது. எண்ண எண்ண சுயம்புலிங்கத்தின் குரல் உயர்ந்துகொண்டே போயிற்று. "தொண்ணூத்தாறு!" என்றபோது கோபுரத்தின் வயிறு முழுவதும் அந்தக் குரல் அதிர்ந்தது. ஒரு கோடும் உடைந்திருக்கவில்லை.

கோதண்டபாணி இரண்டு முறை சுற்றி வந்து பார்த்தார். முகம் மலர்ந்தது, உடனே கடமையும் நினைவுக்கு வந்தது.

"பிரமாதம். ஆனா, முன்னாடி மூணு தடவை தளர்ந்ததுக்கு ஆள் வேணுமே. அந்தக் கடிதம் எங்கே?"

சுயம்புலிங்கம் ரெஞ்சைத் தரையில் வைத்தார்.

செண்பகராமன் கடிதத்தை எடுத்தார். பின்புறம் திருப்பி, தொண்ணூற்றாறாம் நட்டின்மேல் வைத்து எழுதத் தொடங்கினார். எழுதியதை உரக்க வாசித்தார்.

"மூன்று முறையும் தவறான வாஷரைத் தேர்ந்தெடுத்தவன் நான். சுயம்புலிங்கம் சரியாகவே முறுக்கினார். கழுத்து வேண்டுமெனில் என்னுடையது இருக்கிறது."

கையெழுத்திட்டு நீட்டினார்.

கோதண்டபாணி தாளைப் பார்த்தார். வெள்ளைக் கோடுகளைப் பார்த்தார். மீண்டும் தாளைப் பார்த்தார்.

"எந்த வாஷர் போடக் கூடாதுன்னு உங்களுக்குத்தான்யா நல்லாத் தெரிஞ்சிருக்கு" என்றார் கடைசியில். "இந்த வரிசையில இருக்கற இருபத்திரண்டு மெஷினையும் நீங்களே பாருங்க. அந்த ஃபிட்டரையும் கூட வெச்சுக்குங்க."

தாளை நான்காக மடித்துக்கொண்டு வாசலை நோக்கி நடந்தார்.

"ஸ்டார்ட் பண்ணட்டா சார்?" என்றார் சுயம்புலிங்கம். விடைக்குக் காத்திராமல் ஓடினார். சற்று நேரத்தில், மேலே இறக்கைகள் காற்றைப் பிடித்து ஓவென்று சுழலத் தொடங்கின. அடியிலிருந்த இரும்பு மெல்ல முனகியது; அசையவில்லை.

ஜெசிந்தா கைகளில் ஒட்டிய கிரீஸைத் துடைத்துக்கொண்டிருந்தாள். செண்பகராமன் அவள் அருகில் வந்து நின்றார்.

"ஆசானே, இன்னைக்கு மொத்தப் பாரமும் என் மேலதான் இறங்கிச்சு."

அவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

"குழி விழுந்திருக்கா?"

அவர் நெஞ்சில் கைவைத்துப் பார்த்தார். பை காலியாக இருந்தது.

"இல்லை."

"அப்ப கழத்த வேண்டாம்."